ஒரு ஃபைலில் கை வைத்தால் 62 பாட்டும் அசையும்

எங்கள் கொயரில் பாஸ் பாடும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். ஒரு சனிக்கிழமை பிராக்டிஸ் முடிந்து நான் ஆர்கனை மூடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். கையில் நான் அடித்துக் கொடுத்த தாள். "ஏம்மா, நோட்டெல்லாம் நல்லாத்தான் தெரியுது. வார்த்தைதான் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் பெருசா போட்டுத் தரமுடியுமா?" என்றார்.

"அதுக்கென்ன அண்ணாச்சி, ஒரு எண்ணை மாத்தினா போதும்" என்று சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். மாற்ற வேண்டியது ஒரு எண் இல்லை, 62 எண் என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் பாட்டுகளை லிலிபாண்டில் அடிக்கிறேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் மவுஸால் நோட்டை இழுத்து ஸ்டாஃப் (நோட்டு எழுதுகிற ஐந்து கோடு) மேல் வைக்கிற வேலையே கிடையாது. எந்த ஸ்வரம், எவ்வளவு நீளம், அதற்கு எந்த வார்த்தை என்று எல்லாவற்றையும் சாதாரண எழுத்தாக ஒரு ஃபைலில் எழுத வேண்டும். மென்பொருள் அதைப் படித்து, இடைவெளியெல்லாம் கணக்குப் போட்டு, அச்சுக்குப் போகிற பிடிஎஃப் ஆக்கித் தரும். ஹான்-வென் நீன்ஹவுஸ், யான் நியூவென்ஹவுசன் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் 1996-இல் தொடங்கியது. இலவசம். தமிழ் எழுத்தும் ஒழுங்காக வரும். கொம்பும் காலும் இடம் மாறுவதில்லை. ஞானப்பாட்டையும் கீர்த்தனையையும் நான்கு குரலுக்கு எழுதி, அடியில் தமிழ் வார்த்தை போட வேண்டிய எங்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் தொடக்கத்தில் எல்லாரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். முதல் பாட்டை அழகாக அமைக்க இரண்டு வாரம் ஆனது. தாள் அளவு, ஓர இடைவெளி, எழுத்துரு, சரணங்களுக்கு நடுவே எவ்வளவு இடம், தலைப்பு எங்கே வர வேண்டும் என்று நாற்பது வரி சேர்ந்துவிட்டது. இரண்டாவது பாட்டுக்கு அந்த நாற்பது வரியையும் அப்படியே காப்பி செய்து ஒட்டினேன். மூன்றாவதற்கு இரண்டாவதிலிருந்து. நடுவில் சில பாட்டில் ஓரத்தைக் குறைத்தேன், சிலதில் எழுத்தைச் சின்னதாக்கினேன். மூன்று வருஷத்தில் 62 பாட்டு, 62 தலைப்பகுதி, எல்லாம் ஒரே மாதிரி இருந்தும் ஒன்றாக இல்லை. எல்லா ஃபைலிலும் ஒரே நேரத்தில் தேடி மாற்றலாம் என்றால், பாதி இடத்தில் எழுத்து அளவைக் கூட்டி எழுதியிருந்தேன், மீதியில் குறைத்து எழுதியிருந்தேன், சிலவற்றில் அந்த வரியே இல்லை.

அண்ணாச்சிக்குப் பெரிய எழுத்து போய்ச் சேர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில்தான், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற வரிகளை மட்டும் தனியே வைக்கிற ஸ்டைல் ஃபைல் என்ற ஒன்றைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன்.

விஷயம் எளிதுதான். இன்க்ளூட் என்று ஒரு கட்டளை உண்டு. பாட்டு ஃபைலில் அதைப் போட்டு இன்னொரு ஃபைலின் பெயரைக் கொடுத்தால், அந்த ஃபைலில் உள்ளதெல்லாம் அந்த இடத்திலேயே எழுதப்பட்டிருந்ததைப் போல மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பாட்டு ஃபைலுக்கு எல்ஒய் என்றும், உள்ளே இழுக்கப்படுகிற ஃபைலுக்கு ஐஎல்ஒய் என்றும் வால் வைப்பது வழக்கம். நாற்பது வரியையும் ஒரு ஐஎல்ஒய் ஃபைலில் வைத்துவிட்டு, 62 பாட்டிலும் ஒரே ஒரு இன்க்ளூட் வரி வைத்தேன். ஒரு மாதத்துக்கு உலகமே சுகமாக இருந்தது.

"அந்த இடத்திலேயே எழுதப்பட்டிருந்ததைப் போல" என்றேனே, அதை நான் சரியாக உள்வாங்கவில்லை என்பதை ஒரு பிராக்டிஸில்தான் கண்டேன்.

ஓர இடைவெளிகளை இன்னும் நேர்த்தியாக வைக்கலாம் என்று, ஜெர்மன் பாட்டுப் புத்தகம் ஒன்றுக்காக யாரோ எழுதி இணையத்தில் பொதுவில் வைத்திருந்த ஸ்டைல் ஃபைலை எடுத்து என்னுடையதோடு சேர்த்தேன். ஒரு பாட்டை ஓட்டிப் பார்த்தேன். பக்கம் அவ்வளவு அழகாக இருந்தது. நான் பார்த்தது ஓரத்தையும் தலைப்பையும்தான், நோட்டைப் பார்க்கவில்லை. ஸ்டைலைத்தானே மாற்றினோம், நோட்டு எப்படி மாறும்? இருபது பிரதி எடுத்துக்கொண்டு போனேன். ஜி மேஜர் பாட்டு, ஸ்தோத்திரப் பண்டிகைக்கு. முதல் வரியிலேயே சோப்ரானோக்கள் துக்க வீட்டில் பாடுகிற மாதிரி பாடினார்கள். நிறுத்தி, "என்ன பாடுறீங்க?" என்றேன். முன்வரிசைப் பெண் தாளைத் திருப்பிக் காட்டினாள். "அக்கா, பி வர்ற இடத்துல எல்லாம் ஃபிளாட் போட்டிருக்கே."

போட்டிருந்தது, அரை ஸ்வரம் இறக்கிப் பாடு என்கிற குறி. சோப்ரானோவில், டெனரில், எல்லாவற்றிலும்.

லிலிபாண்டில் நோட்டின் பெயரைப் பல மொழியில் எழுதலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் டச்சு முறை. அதை ஆக்கியவர்கள் டச்சுக்காரர்கள் என்பதால் அப்படி. டச்சில் பி என்றால் நமக்குத் தெரிந்த பி-தான், ஃபிளாட் வேண்டுமானால் பெஸ் என்று எழுத வேண்டும். ஜெர்மனில் பி என்று எழுதினாலே பி ஃபிளாட். சாதாரண பி வேண்டுமென்றால் ஹெச் என்று எழுத வேண்டும். நான் இழுத்து வந்த ஃபைலில் எங்கோ நடுவில் மொழி ஜெர்மன் என்று ஒரு வரி இருந்திருக்கிறது. அந்த வரி அந்த ஃபைலோடு முடியவில்லை. இன்க்ளூடுக்குப் பிறகு வந்த என் பாட்டு முழுவதையும் ஜெர்மனாகப் படிக்க வைத்துவிட்டது. எஃப் ஷார்ப்புக்கு இரண்டு மொழியிலும் ஃபிஸ்தான். அதனால் ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை. மென்பொருளைப் பொறுத்தவரை எல்லாம் சரி. மேஜர் பாட்டு மைனராகக் கேட்டது மனிதர்களின் காதுக்கு மட்டும்தான்.

அன்றிலிருந்து நோட்டு மொழியைச் சொல்கிற வரி என் ஸ்டைல் ஃபைல் எதிலும் கிடையாது. அது பாட்டு ஃபைலில், எல்லா இன்க்ளூடுக்கும் பிறகு, நோட்டு தொடங்குவதற்கு முன்னால் இருக்கும். ஸ்டைலுக்குள்ளேயே இரண்டு நோட்டு எழுதியாக வேண்டிய நிலைமை வந்தால், அதற்கென்றே லாங்வேஜ்-சேவ்-அண்ட்-சேஞ்ச் என்றும் லாங்வேஜ்-ரிஸ்டோர் என்றும் இரண்டு கட்டளைகள் உண்டு. முன்னதைப் போட்டு எழுதிவிட்டுப் பின்னதைப் போட்டால், மொழி முன்பு இருந்தபடியே திரும்பிவிடும். இன்னொருவர் ஃபைலை எடுத்தால் முழுதாக இழுப்பதையும் விட்டுவிட்டேன். திறந்து படித்து, வேண்டிய நான்கு வரியை மட்டும் என் ஃபைலில் எழுதிக்கொள்கிறேன்.

வரிசையும் முக்கியம். இது அதே "அந்த இடத்தில் எழுதியதைப் போல" விஷயம்தான். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் சொன்னால் பின்னால் சொன்னதுதான் நிற்கும். ஸ்டாஃப் அளவைச் சொல்கிற வரி, பேப்பர் பகுதிக்கும் லேஅவுட் பகுதிக்கும் முன்னால் வர வேண்டும். பேப்பர் பகுதிக்கு உள்ளே தாள் அளவைச் சொன்னால் அது அங்கே முதல் வரியாக இருக்க வேண்டும். ஓரத்தையெல்லாம் அளந்து வைத்துவிட்டுக் கடைசியில் தாள் அளவைச் சொன்னால், அளந்தது போய்விடும். நான் இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதையும் இழந்திருக்கிறேன்.

இனி, என்னை உண்மையிலேயே உலுக்கிய கதைக்கு வருகிறேன்.

லெந்து நாட்களுக்காக (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) 28 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போட்டோம். ஏ5 அளவு, நடுவில் பின் அடித்தது. முப்பது பிரதி. அப்புறம் நவம்பரில் கேரல் புத்தக வேலை வந்தது. கேரல் பாட்டுகளில் சரணம் அதிகம், நான்கு ஐந்து வரி ஸ்டாஃப்களுக்கு நடுவே அடுக்காக வரும். தமிழில் அது ஒரு தனிச் சிக்கல். மேல் வரியில் "மூ" வந்து, அதன் நேர் கீழே "கீ" வந்தால் ஒன்றன் வாலும் இன்னொன்றின் சுழியும் முட்டிக்கொள்ளப் போகும். லிலிபாண்ட் முட்டவிடாது, அந்த இரண்டு வரியை மட்டும் கொஞ்சம் விலக்கிவிடும். விளைவு, முதல் சரணத்துக்கும் இரண்டாவதற்கும் ஓர் இடைவெளி, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வேறோர் இடைவெளி. படிக்கிறவருக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் கண் உறுத்தும். சரண வரிகளுக்கு இடையேயான குறைந்தபட்ச தூரத்தை 3.6 என்று வைத்தேன். எந்த எழுத்தின் அடியில் எந்த எழுத்து வந்தாலும் இடிக்காத தூரம் அது, வரிகள் எல்லாம் சமமாக உட்கார்ந்தன. நல்ல மாற்றம். எல்லாப் பாட்டுக்கும் நல்லதுதானே என்று பொது ஸ்டைல் ஃபைலிலேயே அதை வைத்தேன்.

அடுத்த வருஷம் லெந்துக்கு முன் கொயரில் புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள். இன்னும் இருபது பிரதி வேண்டும். பழைய பிடிஎஃப் இருந்தது. ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு "ழ" இருக்க வேண்டிய இடத்தில் "ள" இருந்ததைச் சேகரத்து ஐயர், எங்கள் போதகர், காட்டியிருந்தார். ஓர் எழுத்துதானே, திருத்திவிட்டுப் புதிதாக ஓட்டி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு முன் பாடிப் பார்க்கிறோம். "14-ஆம் பக்கம் எடுங்க" என்றேன். பாதிப் பேர் பாட்டைத் தொடங்கினார்கள், மீதிப் பேர் தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். புதுப் பிரதியில் அந்தப் பாட்டு 15-ஆம் பக்கத்துக்குப் போயிருந்தது. அதோடு விட்டதா? இன்னொரு பாட்டில் கடைசி வரி அதே தாளின் பின்பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, உச்ச இடத்தில் பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று. நான் திருத்தியது ஓர் எழுத்து. மாறியது புத்தகம் முழுவதும். கேரலுக்காக நவம்பரில் விரித்த அந்த இடைவெளி, பிப்ரவரியில் முடிந்துபோன லெந்து புத்தகத்துக்குள் சத்தமில்லாமல் நுழைந்திருந்தது.

புதியவர்கள் இருபது பேரும் அன்று பழையவர்களின் தாளை எட்டிப் பார்த்துத்தான் பாடினார்கள்.

இதற்குப் பிறகு நான் எடுத்த முடிவை இன்றுவரை மாற்றவில்லை. ஒரு புத்தகம் அச்சுக்குப் போகிற அன்று, ஸ்டைல் ஃபோல்டர் முழுவதையும் அந்தப் புத்தகத்தின் ஃபோல்டருக்குள் காப்பி எடுத்து வைத்துவிடுவேன். அந்தப் புத்தகத்தின் பாட்டுகள் அதற்குப் பிறகு அந்தக் காப்பியைத்தான் பார்க்கும். பொது ஸ்டைலில் நான் என்ன செய்தாலும் அங்கே எட்டாது. கிட் (ஃபைலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) பயன்படுத்துகிறவர்கள் ஓர் அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளலாம், அது இதைவிட நறுவிசு. ஆனால் எங்கள் கொயரில் எனக்கு உதவி செய்கிற மூன்று பேருக்கும் ஃபோல்டரைக் காப்பி எடுப்பதுதான் புரியும், அதனால் அதுவே போதும். இதில் ஒரு நஷ்டம் உண்டு. பின்னால் நான் கண்டுபிடிக்கிற நல்ல திருத்தம் எதுவும் பழைய புத்தகத்துக்குப் போகாது. போக வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஜனங்கள் கையில் இருக்கிற புத்தகத்தோடு பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்போவதே அந்த ஃபைலின் முதல் வேலை.

சரி, பொது ஸ்டைலுக்குள் என்ன இருக்க வேண்டும்? முதலில் ஒரே பெரிய ஃபைலாக வைத்திருந்தேன். இப்போது பிரித்து வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது நான் கேட்டுக்கொண்ட கேள்வி, இந்த முடிவு எதனால் மாறும் என்பதுதான். பாடுகிறவர்களின் கண்ணை உத்தேசித்த முடிவுகள் ஒரு ஃபைல்: தமிழ் எழுத்துரு, வார்த்தை அளவு, சரண இடைவெளி, அசைகளுக்கு நடுவே வரும் சிறுகோட்டின் இடம். தாளை உத்தேசித்தவை இன்னொன்று: ஏ4 தனித்தாள், ஏ5 புத்தகம், டேப்லெட் திரை என்று மூன்று ஃபைல், அவற்றில் ஒன்றைத்தான் ஒரு நேரத்தில் எடுப்பேன். பாட்டின் வகைக்கு ஒன்று: ஞானப்பாட்டைப் போல இரண்டு ஸ்டாஃபில் நான்கு குரல், ஆன்தம் (கொயர் பாடும் பெரிய பாட்டு) என்றால் நான்கு ஸ்டாஃபும் கீழே ஆர்கனும், கீர்த்தனை என்றால் மெட்டு மட்டும் ஒரு வரியில். பாட்டு ஃபைல் இவை எதையும் நேரடியாகக் கூப்பிடாது. புத்தகத்துக்கென்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும், அது இந்த மூன்றையும் வரிசையாக இழுக்கும், பாட்டு அதை மட்டும் இழுக்கும். ஆகவே ஒரு பாட்டை டேப்லெட்டுக்கு எடுக்க ஒரு வரியை மாற்றினால் போதும்.

சிறுகோட்டைச் சொன்னேன், அதில் ஒரு வார்த்தை. "துதிப்போம்" என்பதை மூன்று நோட்டுக்குப் பிரித்தால் "து", "திப்", "போம்" என்று எழுதுவோம். நடுவே இடம் நெருக்கமானால் லிலிபாண்ட் அந்தச் சிறுகோட்டை விட்டுவிடும். ஆங்கிலத்தில் அது பரவாயில்லை. தமிழில் எங்கள் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அந்தக் கோடுதான் எந்த அசை எந்த நோட்டுக்கு என்று காட்டுகிறது. அதனால் கோட்டுக்கென்று குறைந்தபட்ச தூரம் வைத்திருக்கிறேன். பார் (தாளக் கட்டம்) அகலமாகும், ஒரு வரியில் ஒரு பார் குறையும், பரவாயில்லை. இப்படிப்பட்ட முடிவை ஒரே இடத்தில் எடுத்து வைக்கத்தான் ஸ்டைல் ஃபைல். ஒவ்வொரு பாட்டிலும் இதை மறுபடி யோசிக்கக் கூடாது.

பெயர் வைப்பதில் நான் கற்றது இன்னொரு பெரிய விஷயம். நம் கட்டளைகளுக்கு நாமே பெயர் வைத்து ஸ்டைல் ஃபைலில் எழுதிக்கொள்ளலாம். பெயரில் எண் கலக்கக் கூடாது, எழுத்தாக இருக்க வேண்டும். தமிழ் எழுத்தையும் அது எழுத்தாகவே ஏற்றுக்கொள்ளும் என்று தெரிந்த நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பின்சாய்கோடு போட்டு "சபையார்" என்று எழுதினால், கொயரோடு சபையாரும் சேர வேண்டிய இடத்தில் அந்தக் குறி வந்து உட்காரும். "சரணம்2" என்று அப்படியே வைக்க முடியாது, "சரணம்இரண்டு" என்று வைக்கலாம். நோட்டுக்கு ஆங்கில எழுத்தும் இதற்குத் தமிழும் என்று விசைப்பலகையை மாற்றி மாற்றி அடிக்க வேண்டியிருப்பது உண்மைதான். வெளியூர் லிலிபாண்ட்காரர் யாரிடமாவது ஃபைலைக் கொடுத்து உதவி கேட்டால் அவருக்குப் படிக்க வராது. அதனால் குறிகளுக்கு மட்டும் தமிழ்ப் பெயர், குரல்களுக்கும் தாளுக்கும் ஆங்கிலம் என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தச் "சபையார்" என்ற பெயர் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. முதலில் "தடித்தபெட்டி" என்று வைத்திருந்தேன், குறி தடித்த எழுத்தில் பெட்டிக்குள் வரும் என்பதால். ஜெராக்ஸ் எடுத்தால் பெட்டியின் கோடும் ஸ்டாஃபின் மேல்கோடும் சேர்ந்து கறுப்பாக அப்பிக்கொண்டது. பெட்டியை எடுத்துவிட்டுச் சாய்வெழுத்தாக்கினேன். இப்போது 62 பாட்டிலும் "தடித்தபெட்டி" என்று எழுதியிருக்கிறது, தடிப்பும் இல்லை, பெட்டியும் இல்லை. புதிதாக உதவிக்கு வந்த பெண் அதைப் பார்த்துக் குழம்பி, வேறொரு பாட்டில் ஆர்கன் குறிப்புக்கும் அதே கட்டளையைப் போட்டிருந்தாள். அவள் மேல் தப்பில்லை. எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பெயராக வைத்தது என் தப்பு. அது எதற்காக இருக்கிறது என்பதைப் பெயராக வைத்தால், தோற்றம் எத்தனை முறை மாறினாலும் பாட்டு ஃபைலைத் தொட வேண்டாம். "சபையார்", "தனிக்குரல்", "ஆர்கன்மட்டும்", "மூச்சு" என்று இப்போது பன்னிரண்டு பெயர் இருக்கிறது. மூன்று பாட்டிலாவது தேவைப்பட்ட பிறகுதான் ஒன்றை ஸ்டைலுக்குள் சேர்க்கிறேன். ஒரே பாட்டுக்கு மட்டும் வேண்டியது அந்தப் பாட்டிலேயே இருக்கட்டும்.

ஒரே பாட்டுக்கு வேண்டியவற்றிலும் ஒரு பிரிவினை செய்யலாம். எந்தப் பாரில் வரி உடைய வேண்டும், எந்த ஸ்லரை (நோட்டுகளை இணைக்கும் வளைகோட்டை) இரண்டு புள்ளி மேலே தூக்க வேண்டும் என்பவை பாட்டின் பகுதி அல்ல, அந்தத் தாளின் பகுதி. ஏ4-க்காகப் போட்ட வரி உடைப்பு டேப்லெட்டில் அசிங்கமாக இருக்கும். வரி உடைப்புகளை நோட்டுக்கு நடுவே எழுதுவதை விட்டுவிட்டு, வெற்று இடங்களால் மட்டும் ஆன தனி வரியாக எழுதி, நோட்டோடு இணையாக ஓட விடுகிறேன். ஏ4-க்கு ஒரு வரி, ஏ5-க்கு ஒரு வரி. ஓப்பன்லிலிலிப் என்ற பொதுத் தொகுப்பில் எடிஷன் என்கிரேவர் என்று ஒரு கருவி இருக்கிறது, எந்தப் பாரில் எந்த இடத்தில் என்ன திருத்தம் என்று முற்றிலும் வெளியே ஒரு ஃபைலில் எழுதி வைக்கலாம். பெரிய ஆன்தம் ஒன்றுக்கு அதைப் பயன்படுத்தினேன், அருமையான ஏற்பாடு. ஒரு பக்க ஞானப்பாட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

எழுத்துருவில் எல்லாரும் ஒருமுறை மாட்டுவோம் என்று நினைக்கிறேன். உதவிக்கு வருகிற பையனின் லேப்டாப்பில் நான் குறிப்பிட்ட நோட்டோ தமிழ் எழுத்துரு இல்லை. பிழை எதுவும் சொல்லாமல் அங்கே இருந்த வேறு ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது. எழுத்தின் அகலம் மாறியது, அகலம் மாறியதால் பார்கள் மாறின, பார்கள் மாறியதால் பக்கம் மாறியது. இப்போது எழுத்துரு ஃபைல் ஸ்டைல் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஃபோல்டரிலிருந்து எழுத்துருவை எடு என்று சொல்ல, லிலிபாண்டுக்குள்ளேயே இருக்கிற ஸ்கீம் என்ற நிரல் மொழியில் ஒரு வரி உண்டு, அதையும் ஸ்டைலிலேயே வைத்துவிட்டேன். நோட்டோ இலவசமாகப் பகிரக்கூடியது என்பதால் கூச்சமில்லாமல் சேர்த்துக் கொடுக்கலாம்.

அதே பையனின் கம்ப்யூட்டரில் இன்னொரு நாள், ஃபைலைக் காணவில்லை என்று வந்தது. என் கம்ப்யூட்டரின் டிரைவ் பெயரோடு முழு வழியையும் இன்க்ளூடில் எழுதி வைத்திருந்தேன். அவன் கம்ப்யூட்டரில் அந்த வழி எப்படி இருக்கும்? ஃபிரெஸ்கோபால்டி (லிலிபாண்ட் ஃபைல் எழுதுவதற்கான எடிட்டர்) பயன்படுத்துகிறவர்கள் அதன் அமைப்புகளில் ஸ்டைல் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை சொல்லி வைத்தால் போதும், இன்க்ளூடில் ஃபைலின் பெயரை மட்டும் எழுதலாம். இல்லாவிட்டால், இப்போதைய பதிப்புகளில் செய்வதைப் போல, இன்க்ளூட் எழுதியிருக்கிற ஃபைலிலிருந்து எண்ணிய வழியை எழுதுங்கள். விண்டோஸிலும் முன்சாய்கோடுதான் போட வேண்டும்.

பதிப்பு மாறும்போது ஸ்டைல் ஃபைலின் அருமை தெரியும். நான் 2.18-இல் தொடங்கினேன், 2013 டிசம்பரில் வந்த பதிப்பு. அடுத்த நிலையான பதிப்பு 2.20 வர 2020 மார்ச் ஆனது. அப்புறம் 2022 டிசம்பரில் 2.24. ஒவ்வொரு தாண்டலிலும் சில கட்டளைகளின் பெயர் மாறும், எழுத்துரு சொல்கிற முறையே மாறியிருக்கிறது. கன்வெர்ட்-லை என்ற துணைக்கருவி பெரும்பாலானதை மாற்றித் தரும், ஸ்கீமில் எழுதியதைப் பல நேரம் நாமே திருத்த வேண்டும். கஷ்டமான வரிகள் எல்லாம் ஸ்டைல் ஃபைலில் ஒரே இடத்தில் இருந்ததால் 2.24-க்கு மாற எனக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது. ஐஎல்ஒய் ஃபைல்களிலும் முதல் வரியாகப் பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள். அதை வைத்துத்தான் எங்கிருந்து மாற்ற வேண்டும் என்று கன்வெர்ட்-லை தெரிந்துகொள்கிறது. பாட்டு ஃபைலை மட்டும் மாற்றிவிட்டு ஸ்டைல் ஃபைலை மறந்துவிடுவது எளிது, நான் மறந்திருக்கிறேன்.

பிராக்டிஸுக்குக் கொடுக்கிற தாளுக்கும் அச்சுக்குப் போகிற தாளுக்கும் வேறுபாடு வேண்டும். பிராக்டிஸ் தாளில் ஒவ்வொரு பாருக்கும் எண் வரும். "23-ஆம் பாரிலிருந்து" என்றால் எல்லார் விரலும் ஒரே இடத்துக்குப் போகும். அச்சுத் தாளில் வரித் தொடக்கத்தில் மட்டும். இதற்கு "வரைவு", "அச்சு" என்று இரண்டு குட்டி ஃபைல். அச்சு ஃபைலில் பாயிண்ட்-அண்ட்-கிளிக்கை நிறுத்தும் கட்டளையும் இருக்கிறது. பிடிஎஃப்பில் ஒரு நோட்டைத் தட்டினால் எழுதிய இடத்துக்கே கொண்டுபோகிற வசதி அது, வேலை செய்யும்போது கைத்தடி மாதிரி. ஆனால் அதற்காக உங்கள் கம்ப்யூட்டரின் ஃபோல்டர் பெயரெல்லாம் பிடிஎஃப்புக்குள் எழுதப்படுகிறது. ஊருக்கெல்லாம் அனுப்புகிற பிடிஎஃப்பில் அது இருக்கக் கூடாது. கோப்பும் சின்னதாகும்.

கடைசியாக, சோதனைப் பாட்டு. லிலிபாண்டை எழுதுகிறவர்கள் எதையாவது மாற்றினால், ஒரு பெரிய தொகுதி சின்னச் சின்ன எடுத்துக்காட்டுகளை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதைப் படித்துவிட்டு என் அளவுக்கு ஒன்று செய்தேன். பதினாறு பார், நான்கு குரல், ஐந்து சரணம். வார்த்தைக்கு அர்த்தம் கிடையாது. "கீ", "மூ", "ஸ்ரீ", "ஷூ", "ஞௌ" என்று உயரமானதும் ஆழமானதும் அகலமானதுமான எழுத்துகளைத் தேடித் தேடி ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தேன். என் பன்னிரண்டு குறியும் அதில் ஒருமுறையாவது வரும். ஜி மேஜரில் எழுதி, ஒவ்வொரு குரலிலும் ஒரு பி வைத்தேன்.

பொது ஸ்டைலில் ஒரு வரியைத் தொட்டால் முதலில் அதை ஓட்டுவேன். பழைய அச்சின் மேல் புது அச்சை வைத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடிப்பேன். எங்கே நகர்ந்திருக்கிறது என்பது உடனே இரட்டையாகத் தெரியும். போன வாரம் அண்ணாச்சி மறுபடி வந்தார். கண் ஆபரேஷன் முடிந்துவிட்டதாம், இப்போது எழுத்து ரொம்பப் பெரிசாக இருக்கிறதாம், ஒரு வரியில் இன்னும் இரண்டு பார் கூட வந்தால் திருப்புகிற வேலை மிச்சம் என்றார். இந்த முறை உண்மையிலேயே ஒரு எண்தான். மாற்றி, சோதனைப் பாட்டை ஓட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது சரணத்தில் "ஸ்ரீ" கொஞ்சம் நகர்ந்து இரட்டையாகத் தெரிகிறது.